முப்பத்தொன்றாம் இடத்துப் புல்

பெய்லன்
18 ஏப்ரல் 1982

அன்புள்ள யான்டீன் அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் மார்செல் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த வயதில் மரத்தில் ஏறிக் கிளை வெட்ட வேண்டாம் என்று அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் ஊன்றிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நாங்கள் உன் கூடார முகாமுக்கு வரவில்லை. கார் பழசாகிவிட்டது. லியோன் தாண்டி வரும் மேடுகளில் கேரவன் வண்டியை இழுக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான். 31-ஆம் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

ஓர் உதவி வேண்டும். நாங்கள் பிரான்சுக்கு வரவில்லை என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியக் கூடாது. நம் டச்சு ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாததா? பிப்ரவரியில் என் பிறந்தநாளுக்கு எல்லாரும் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். காபி ஆறுவதற்குள், "இந்த வருஷம் எங்க போறீங்க?" என்று கேள்வி சுற்றி வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே எதிர்வீட்டு பெர்டுஸ், "இவங்களுக்கு என்ன, ஆர்தெஷ், முப்பத்தொண்ணு" என்றான். பத்தொன்பது வருஷமாக அதே பதில்தானே. ஜூலையில் தெருவே காலியாகும்போது நாங்கள் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்க ரூலிக்கு விருப்பமில்லை. பக்கத்தில் ஒரு விவசாயியின் நிலத்தில் கேரவனை நிறுத்தி நாலு வாரம் இருந்துவிட்டு வருவோம்.

ரூலி பட அட்டைகள் எழுதித் தருவாள். உன் ஊர்த் தபால்தலை ஒட்டி உன் ஊர்ப் பெட்டியில் போட்டுவிடு. வேறொன்றுமில்லை.

உன் தம்பி,
ஹார்ம்


ஆர்தெஷ் நதிக்கரை
29 ஏப்ரல் 1982

டேய் ஹார்ம்,

நலம் விசாரித்ததற்கு நன்றி. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். மார்செல் மரத்தில் ஏறத்தான் செய்கிறார். நீ சொன்னதைச் சொன்னேன். ஏணியின் உச்சியிலிருந்து உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

உனக்குப் பைத்தியமா? கார் இழுக்கவில்லை என்றால் ரயிலில் வா! நாலு பேர் கேட்பார்கள் என்பதற்காக வீட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு, பிரான்சிலிருந்து அட்டை போடுவானா ஒருத்தன்? கேட்டால் மார்செல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "உங்க ஆளுங்க வர்றது எதுக்கு? ஊருக்குப் போய்ச் சொல்றதுக்கு" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடை வந்தால் எங்கள் முகாமில் பாதிப் பேர் டச்சுக்காரர்கள்தான். அவர்கள் என்னிடம் பேசுவது என்ன? சுடுதண்ணீர் வரவில்லை. ரொட்டி ஏழரைக்கே வேண்டும். பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரன் கயிற்றை எங்கள் எல்லைக்குள் அடித்துவிட்டான். ஒவ்வொரு கேரவனிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு, கடலை வெண்ணெய், காப்பித்தூள், கழிப்பறைக் காகிதம்கூட. பிரான்சில் அது கிடைக்காதாம்! இவர்களுக்கு வேண்டியது பிரான்சின் வெயில் மட்டும். பாக்கியெல்லாம் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் வந்தால் வேறு. கேரவன் கதவைத் திறந்ததும் நம் டிரென்தெ மாவட்டப் பேச்சு வெளியே கொட்டும். வருஷம் முழுக்க வாய்க்குள்ளேயே கிடக்கும் பாஷையை அந்த நாலு வாரம்தான் நான் பேசுகிறேன். அதையும் பிடுங்கிக்கொள்கிறாய்.

31-ஐ யாருக்கும் கொடுக்க மாட்டேன். மனசு மாறும். அப்புறம் ஒன்று. உன் கடிதத்தின் அடியில் ரூலி எப்போதும் நாலு வரி எழுதுவாளே, இந்தத் தடவை ஏன் காணோம்?

கோபத்தோடும் அன்போடும்,
யான்டீன்


பெய்லன்
6 ஜூன் 1982

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே சுகம். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும்.

இத்துடன் ஏழு அட்டைகள் இருக்கின்றன. ரூலி பழைய வருஷங்களில் உங்கள் ஊர்க் கடையில் வாங்கி மிச்சம் வைத்தவை. பத்து வாங்கினால் ரெண்டு இலவசம் என்று சொன்னதும் வாங்கினாளே, ஞாபகமிருக்கிறதா? எல்லாம் எழுதிவிட்டாள். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் தேதி போட்டிருக்கிறாள். அந்தந்தத் தேதிக்குப் போடு. போடும் முன் பென்சிலை அழித்துவிடு.

கடைசி அட்டை எதிர்வீட்டுக்கு. பெர்டுசுக்கும் ஃபெனாவுக்கும். அவர்கள் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டு மாதக் கடைசியில் திரும்பிவிடுவார்கள். அதை ஆகஸ்ட் 3 காலையில் போட வேண்டும், மறக்காதே. நாங்கள் 7-ஆம் தேதி சனிக்கிழமை வீடு திரும்புவதாகக் கணக்கு.

ரூலி உன்னை விசாரித்தாள். தோட்டத்தில் வேலையாக இருக்கிறாள்.

ஹார்ம்


ஆர்தெஷ் நதிக்கரை
15 ஜூன் 1982

அன்புள்ள ஹார்ம்,

நாங்கள் சுகம் என்று எழுத முடியவில்லை. மார்செல் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். இடது கால் ரெண்டு இடத்தில் முறிவு. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. செப்டம்பர் வரை நான் ஒற்றை ஆள். நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது முனகுகிறார். போகட்டும்.

அட்டைகளைப் படித்தேன். படிக்கத்தானே திறந்த அட்டை. "காலையில் கோட்டை வரை ஏறினோம்." "நதியில் தண்ணீர் இறங்கிவிட்டது, கூழாங்கல் தெரிகிறது." "ஹார்ம் வழக்கம்போல் மூக்கு உரிந்து நிற்கிறார்." எல்லாம் ரூலி சொல்வது மாதிரியேதான். படிக்கும்போது சிரித்தேன்.

அப்புறம் எழுத்தைப் பார்த்தேன். ரூலியின் எழுத்து பின்னல் போட்டது மாதிரி வரிசையாக இருக்கும். முதல் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. மூன்றாவதில் வரி சரிகிறது. ஏழாவதில் எழுத்துகள் கைப்பிடி விட்டு அட்டையின் ஓரத்துக்கு விழுகின்றன. ஒரே நாளில் எழுதியவை அல்ல இவை, நாள் கணக்கில் எழுதியிருக்கிறாள்.

ஹார்ம், கார் கதையை உன் தெருக்காரனிடம் சொல். நான் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். என்ன நடக்கிறது? எழுது. ரெண்டு வரி போதும்.

அக்கா


பெய்லன்
4 ஜூலை 1982

அன்புள்ள அக்கா,

அத்தானின் கால் எப்படி இருக்கிறது? வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

ரூலிக்குக் கணையத்தில் புற்றுநோய். மார்ச்சில் சொன்னார்கள். வெட்டி எடுக்க முடியாதாம். கோடை தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் காரில் போகலாமா என்று ரூலி கேட்டாள். "பெல்ஜியம் எல்லைகூடத் தாண்டாதீங்கம்மா" என்றார். காருக்கு ஒன்றுமில்லை. காரை உன் மலை எல்லாம் இழுக்கும்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன்னிடம் எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

தெருவிடம் மறைப்பது ரூலியின் விருப்பம். போன வருஷம் மூலைவீட்டு ஹில்லிக்கு இதே நோய் வந்ததே. தெருவே சூப் சட்டியோடு போய் நின்றது. ரூலியும்தான் போனாள். "எல்லாரும் ஹில்லிகிட்ட தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு வெச்சுக்கிட்டுத்தான் பேசினாங்க. நானும் அப்படித்தான் பேசினேன். அவ கடைசிவரைக்கும் நேரா இருந்த ஒரு முகத்தைப் பாக்கல ஹார்ம்" என்கிறாள். "எனக்கு ஒரு லீவு வேணும். யாரும் தலையைச் சாய்க்காத நாலு வாரம்." அவள் என்னிடம் இத்தனை வருஷத்தில் கேட்டதே கொஞ்சம். இதை எப்படி மறுப்பேன்?

கண் மஞ்சளாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறாள், வெயில் கூசுகிறது என்று. டிரென்தெயில் எங்கே வெயில்? ஆனாலும் யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை 9-ஆம் தேதி கிளம்புகிறோம். நீ வராதே. நீ வந்து இறங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிறாள். அட்டைகளை மட்டும் போடு.

ஹார்ம்


ஆர்தெஷ் நதிக்கரை
13 ஜூலை 1982

என் ஹார்ம், என் ரூலி,

எப்படி இருக்கிறீர்கள் என்று எழுத ஆரம்பித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதை எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

வராதே என்கிறாய். வர நினைத்தாலும் எப்படி வருவேன்? நூற்றெண்பது கூடாரம். மார்செல் ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு, எனக்கு உத்தரவு போடுவதோடு சரி. காலை ஆறு மணிக்கு ரொட்டி வண்டி, ஏழுக்குக் குளியலறை. எட்டு மணிக்குள் அலுவலகத்தில் வரிசை. நேற்று ஊட்ரெக்ட்டிலிருந்து வந்த ஒருத்தர், தன் இடத்தில் நிழல் பன்னிரண்டு மணிக்கே போய்விடுகிறது, விளம்பரத் தாளில் இரண்டு மணி என்று போட்டிருந்தது என்று என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். "சூரியனைக் கேளுங்க" என்று கத்திவிட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் நான் கத்தியது இதுவே முதல் தடவை. பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

முதல் அட்டையைப் போட்டாகிவிட்டது. பென்சில் தேதியை அழித்துவிட்டேன்.

31-ஐச் சுற்றிக் கயிறு கட்டி, 'முன்பதிவு' என்று பலகை வைத்திருக்கிறேன். தினமும் ரெண்டு பேராவது அதைக் கேட்டு வருகிறார்கள். நதிக்குப் பக்கம் அதுதானே. கொடுக்க மாட்டேன். எனக்குச் செய்ய முடிந்தது இதுதான். ஒரு கயிறு கட்டி வைப்பது.

ரூலியிடம் சொல், நதியில் தண்ணீர் நிஜமாகவே இறங்கிவிட்டது. கூழாங்கல் தெரிகிறது. அவள் எழுதியது பொய்யில்லை.

யான்டீன்


பொட்டலிலிருந்து
20 ஜூலை 1982

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை விவசாயி வீட்டு முகவரியில் வாங்கிக்கொண்டேன். அத்தான் நலமாக இருக்கட்டும்.

கிளம்பின கதையைச் சொல்கிறேன். ரூலி எப்போதும்போல் பட்டியல் போட்டாள். இருபது கிலோ உருளைக்கிழங்கு, ஆறு போத்தல் கடலை வெண்ணெய், பத்துப் பொட்டலம் காபி, ரொட்டிக்குத் தூவும் சாக்லேட், கறுப்பு மிட்டாய். வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்கு! "இது எதுக்கு ரூலி?" என்றேன். "ஃபெனா எண்ணிப் பார்ப்பா" என்றாள். உண்மைதான். ஃபெனா சாவியை வாங்கிக்கொண்டு, செடிகளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டே மூட்டைகளை எண்ணினாள். அவர்கள் ஆஸ்திரியா போகும்போது சாவி அடுத்த வீட்டுக்குக் கைமாறும். தெருவில் அதற்கு ஒரு வரிசையே இருக்கிறது.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். நெரிசலுக்கு முந்த வேண்டுமே. தெருவே ஜன்னலில் நின்றது. பெர்டுஸ் பைஜாமாவோடு வந்து கேரவன் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, "பாரிஸ்ல இடது பக்கம் போய்த் தொலைச்சிடாத" என்றான். ஃபெனா மாடியிலிருந்து தலையணை உறையை ஆட்டினாள். நாங்கள் மூலை திரும்பும் வரை ஆட்டினாள். ரூலியும் கை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தாள். பெருஞ்சாலையில் இரண்டாவது பிரிவில் திரும்பிவிட்டேன். "ஃபெனா இன்னிக்கு ரொம்ப நேரம் ஆட்டினா" என்றாள் ரூலி. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

இங்கே யாரும் இல்லை. பொட்டலில் ஊதாப் பூ ஆரம்பித்துவிட்டது. ஆட்டு மந்தை காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போகிறது. செவிலி சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறாள். வெளியூர்க்காரி, யாரிடமும் சொல்ல மாட்டாள். ரூலியால் ரெண்டு கரண்டி தயிர்தான் சாப்பிட முடிகிறது. இருபது கிலோ உருளைக்கிழங்கை நான் ஒருத்தனாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

காலையில் எழுந்ததும், "நதி எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். "தண்ணி இறங்கிடுச்சு" என்கிறேன். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறாள். நானும் சொல்கிறேன்.

சிலைடுப் படம் எடுக்கச் சொல்கிறாள். வழக்கம்போல் நவம்பரில் திரையில் போட்டுத் தெருவுக்குக் காட்ட வேண்டுமாம். எதைக் காட்டுவேன் அக்கா?

ஹார்ம்


ஆர்தெஷ் நதிக்கரை
27 ஜூலை 1982

அன்புள்ள ஹார்ம்,

இதை ரூலிக்குப் படித்துக் காட்டாதே. உனக்கு மட்டும்.

நேற்று மத்தியானம் அலுவலக வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது உன் எதிர்வீட்டு பெர்டுசும் ஃபெனாவும். ஆஸ்திரியாவில் ஒரு வாரமாக மழையாம். வெயில் எங்கே என்று வானொலியில் கேட்டு, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஒரே மூச்சாக ஓட்டி வந்திருக்கிறார்கள்.

"திடீர்னு போய் நின்னு அசத்திடலாம்னு வந்தோம். எங்க நம்ம ஆளுங்க? முப்பத்தொண்ணுல யாரையும் காணோமே!" என்றான் பெர்டுஸ்.

"கடல் பாக்கப் போயிருக்காங்க. ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கேரவனோடயா?"

"ஆமா."

"ஹார்மா? கேரவனை ஒரு தடவை நிறுத்தினா ஆணி அடிச்ச மாதிரி இருப்பானே அவன்! யான்டீன், உன் தம்பிக்கு இந்த வயசுல ரெக்கை முளைச்சிருக்கு!" என்று சிரித்தான்.

ஃபெனா சிரிக்கவில்லை. மெதுவாக 31-க்கு நடந்து போய், கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் குனிந்து புல்லைக் கையால் தடவிப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரெண்டு வாரம் கேரவன் நின்ற இடத்தில் புல் மஞ்சளாகச் சப்பிப் போயிருக்க வேண்டாமா? சக்கரம் நின்ற தடம் வேண்டாமா? முப்பது வருஷம் கூடாரம் அடித்தவளுக்கு இது தெரியாதா? முட்டியளவு புல், அதில் வெள்ளைப் பூ வேறு பூத்துக் கிடந்தது. நான் எல்லாவற்றையும் யோசித்தேன். புல்லை யோசிக்கவில்லை.

அவள் கயிற்றைத் திரும்பக் கட்டினாள், நான் கட்டியதைவிட இறுக்கமாக.

"பெர்டுஸ், நாளைக்குக் கிளம்பலாம்."

"இப்பத்தானேடி கூடாரம் அடிச்சேன்!"

"கிளம்பலாம்னு சொல்றேன்ல."

இன்று காலை போய்விட்டார்கள். போகும்போது ஒரு பை உருளைக்கிழங்கு கொடுத்து, "அவங்க வந்தா குடு" என்றாள். அவள் எதையோ புரிந்துகொண்டுவிட்டாள் என்று பயமாக இருக்கிறது. நான்தான் கெடுத்துவிட்டேன், ஹார்ம். என்னை மன்னித்துவிடு.

அக்கா


ஆர்தெஷ் நதிக்கரை
4 ஆகஸ்ட் 1982

அன்புள்ள ஹார்ம்,

நேற்று நீ போனில் பேசியது காதிலேயே இருக்கிறது. "விடியுறப்போ போயிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் நின்றாய். போனில் உன் மூச்சும், பின்னால் ஆட்டு மணியும் கேட்டது. உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரூலி எனக்குக் கூடப்பிறக்காத தங்கை. அவ்வளவுதான் எழுத வருகிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நேற்று காலை எட்டு மணிக்குக் கடைசி அட்டையைப் போட்டேன். மூலையில் ஆகஸ்ட் 3 என்று அவள் எழுதியிருந்தாளே. நீ கூப்பிட்டது பத்தரைக்கு. போனை வைத்துவிட்டு ஓடினேன். பெட்டி காலி. சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்துத் தபால் நிலையத்துக்குப் போனேன். பை கட்டி முத்திரை வைத்துவிட்டார்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பை என் கண் முன்னே இருந்தது. கேட்டேன். அழுதேன். "மேடம், பெட்டிக்குள்ள போட்ட பிறகு அது உங்களுது இல்ல. யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுது" என்றார் அந்த அதிகாரி. நல்ல மனிதர்தான். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். வண்டி போய்விட்டது.

அடக்கத்துக்கு வர முடியாது. முகாமை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்? மார்செல், "கட்டை உடைச்சுப் போட்டுட்டு நான் பாத்துக்கறேன், நீ போ" என்கிறார். எழுந்து நிற்க முடியாத மனுஷன்.

இன்னொன்றும் இருக்கிறது. மறைத்ததற்குத் திட்டு. கிளம்புகிற அன்று காலை ஃபெனா தனியாக அலுவலகத்துக்கு வந்தாள். "ரூலி எங்க படுத்திருக்கா?" என்று நேராகவே கேட்டாள். நான் பதிவேட்டைப் புரட்டினேன். "ஈஸ்டர்லேர்ந்து அவ கண்ணு மஞ்சளா இருக்கு. கவுன் தொளதொளன்னு தொங்குது. எங்களுக்குத் தெரியாதா? தெருவுல எல்லாருக்கும் தெரியும். அவளா சொல்லல. அவ சொல்லாத வரைக்கும் எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் கேட்டதை அவகிட்ட சொல்லிடாத" என்றாள். வாக்குக் கொடுத்தேன். இப்போது அந்த வாக்குக்கு அர்த்தமில்லை.

சாப்பிடு, தம்பி.

யான்டீன்


பெய்லன்
22 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அக்கா,

நான் இருக்கிறேன். அத்தானுக்குக் கட்டு எப்போது பிரிக்கிறார்கள்?

7-ஆம் தேதி சனிக்கிழமை அடக்கம் நடந்தது. அவள் போட்ட கணக்குப்படியே அன்றுதான் வீடு திரும்பினாள். தேவாலயத்துக்குப் போகும் வழியில் தெரு வழியாகக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் வழக்கப்படி, மரியாதைக்காக எல்லா வீட்டு ஜன்னலிலும் திரை இழுத்திருந்தது.

அட்டை அன்று காலைத் தபாலில் வந்துவிட்டது. என்ன எழுதியிருந்தாள் என்று உனக்குத் தெரியும். "சனிக்கிழமை வந்துவிடுவோம். ஃபெனா, காபி போட்டு வை." அடக்கம் முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தபோது காபி ஊற்றியது ஃபெனாதான். பரிமாற ஆள் வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் கையிலிருந்து கெண்டியை வாங்கிக்கொண்டாள். என் கோப்பைக்கு வரும்போது காபி தட்டில் கொட்டிவிட்டது. "போட்டு வைக்கச் சொன்னா" என்றாள். கோட்டுப் பையில் அட்டையின் முனை தெரிந்தது.

நான் அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குக் கோபம், அக்கா. யார் மேல் என்று தெரியவில்லை. எல்லாருக்கும் தெரியுமென்றால், நாங்கள் யாரிடம் ஒளிந்தோம்? அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்திருந்தால் அவள் தன் கட்டிலில், தன் ஜன்னலோரத்தில் கிடந்திருக்கலாமே. அந்தக் குறுகின கேரவன் பலகையில் புரண்டு படுக்க இடமில்லாமல் போனாளே. நான் ஒருத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இவர்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியுமா? இதையே யோசிக்கிறேன். ஃபெனா ரொம்ப நேரம் ஆட்டினாள் என்று அன்று சொன்னாளே. எதற்காகச் சொன்னாள்? அன்றைக்கே கேட்டிருக்கலாம். இப்போது கேட்க ஆளில்லை.

உருளைக்கிழங்கு இன்னும் ஆறு கிலோ இருக்கிறது. முளைவிட ஆரம்பித்துவிட்டது.

ஹார்ம்


ஆர்தெஷ் நதிக்கரை
12 செப்டம்பர் 1982

அன்புள்ள ஹார்ம்,

மார்செலுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கால் குச்சியாக இருக்கிறது, நொண்டி நொண்டி நடக்கிறார். முகாம் காலி. இப்போது வர முடியும், வரட்டுமா? வந்து என்ன செய்வேன் என்று கேட்காதே. பாத்திரம் கழுவுவேன்.

அவளுக்குத் தெரியுமா என்று கேட்டாயே. ரூலியின் அட்டைகளை நான்தானே ஏழு தடவை படித்தேன். ஒன்றில்கூடப் பிடி கொடுக்கவில்லை அவள்.

31-இல் கயிறு இன்னும் இருக்கிறது. புல்லை வெட்ட வேண்டும் என்கிறார் மார்செல். இன்னும் வெட்டவில்லை.

யான்டீன்


பெய்லன்
7 நவம்பர் 1982

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. நீ குளிர்காலத்தில் வர வேண்டாம். நீ வந்தால், திரும்பும்போது நான்தான் உன்னை ரயிலேற்றி வழியனுப்ப வேண்டும். இப்போது என்னால் அது முடியாது.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். நவம்பர் முதல் வெள்ளி எங்கள் வீட்டில் சிலைடு காட்டும் நாள், உனக்குத் தெரியும். இந்த வருஷம் யாரையும் நான் அழைக்கவில்லை. ஏழரைக்கு மணி அடித்தது. பெர்டுசும் ஃபெனாவும், கையில் ஆளுக்கொரு நாற்காலி. அவர்களுக்குப் பின்னால் தெரு முழுக்க நாற்காலியோடு நின்றது.

"என்ன, தாமதமா வந்துட்டோமா?" என்றான் பெர்டுஸ்.

விளக்கை அணைத்தேன். என்னிடம் இருந்தது பதினொரு படம். முதல் படம், கேரவன். சுற்றிலும் ஊதாப் பூ. அக்கா, அந்த அறையில் இருந்த எல்லாருமே அந்தப் பொட்டலுக்கு இருபது கிலோமீட்டருக்குள் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அங்கேதான் உல்லாசப் பயணம் கூட்டிப்போனார்கள். கண்ணைக் கட்டி விட்டாலும் வழி சொல்வார்கள்.

அப்புறம் பெர்டுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆர்தெஷ்ல இந்த வருஷம் பூ ஜாஸ்தி" என்றான்.

"ஆமா, ஜாஸ்தி" என்று பின்னாலிருந்து ரெண்டு பேர் சொன்னார்கள்.

அடுத்தது ஆட்டு மந்தை, நம் ஊர்க் கொம்பு ஆடுகள். "பிரெஞ்சு ஆடு பாக்க நம்ம ஆடு மாதிரியேதான் இருக்கு" என்றாள் மூலைவீட்டு ஹில்லியின் புருஷனுடைய தங்கை. யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதாவது படம் ரூலி. மடக்கு நாற்காலியில் போர்வை போர்த்தி, கறுப்புக் கண்ணாடியோடு, கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறாள். கண்டிப்பாக எடு என்று அவளே கேட்ட படம். அதை மாற்ற எனக்குக் கை வரவில்லை. இயந்திரத்தின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் ஃபெனா கையைத் தூக்கி, திரையைப் பார்த்து ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டினாள். அப்புறம், "வெயில் அவளுக்கு ஒத்துக்கிட்டிருக்கு" என்றாள்.

எல்லார் முகத்தையும் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் தெரிந்தது. ஒரு தலைகூடச் சாயவில்லை, அக்கா. அவள் கேட்டது அதுதான். அவள் இல்லாத இடத்தில் கொடுத்தார்கள்.

"ஆமா, அங்க வெயில் நல்லா இருந்துச்சு" என்றேன்.

காபி குடித்தோம். கிளம்பும்போது, வழக்கம்போல், யாரோ பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்கள்: "அடுத்த வருஷம் எங்க, ஹார்ம்?" கேட்டவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெர்டுஸ்தான் நாற்காலியை மடக்கிக்கொண்டே சொன்னான்: "இவனுக்கு என்ன, ஆர்தெஷ், முப்பத்தொண்ணு."

கயிற்றை அவிழ்த்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அப்படியே இருக்கட்டும் என்றும் எழுத வரவில்லை. புல்லை மட்டும் வெட்டிவிடச் சொல் அத்தானிடம்.

உன்
ஹார்ம்